பாதி ட்ரம்மில் ஒரு குளம்: வீட்டுத் தோட்டத்துக்கான முழு வழிகாட்டி

தோட்டத்தில் சின்னதாக ஒரு குளம் வைக்கப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏம்ப்பா, வீட்டுக்குள்ளயே கொசுவ வளக்கப் போறியா?"

நியாயமான கேள்வி. மதுரைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்கு வீடு டெங்கு பயம் இருக்கிறது. ஆனால் கொசு வளர்வது தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் மூடாத பக்கெட்டிலும். அங்கே தண்ணீர் மட்டும்தான் இருக்கும், கொசுப்புழுவைத் தின்ன ஒன்றும் இருக்காது. மீனும் தட்டான் குஞ்சும் செடியும் உள்ள தண்ணீரில் கொசு முட்டையிட்டாலும் அந்தப் புழு றெக்கை முளைக்கும்வரை தப்புவது அபூர்வம். அந்த நிலைக்குத் தொட்டியை எப்படிக் கொண்டுவருவது, அதுவரை கொசுவை எப்படித் தடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் முக்கால்வாசி. மீதி மண்வெட்டி வேலை.

எங்கள் வீட்டுக் குளம் 200 லிட்டர் நீல ட்ரம்மைக் குறுக்கே வெட்டிய கீழ்ப்பாதி. வாய் அகலம் சுமார் இரண்டடி, உயரம் ஒன்றரை அடி, 100 லிட்டர் தண்ணீர் நிற்கும். செடி, மீன், மேலே போட்ட கம்பிவலை எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. மோட்டார் கிடையாது, ஃபில்டர் கிடையாது, கரண்ட் கிடையாது.

தொட்டி

என் முதல் முயற்சி 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட். சித்திரை மாதத்தில் நான்கே நாளில் அதிலிருந்த மீன்கள் எல்லாம் செத்துப்போயின. நோய் ஏதுமில்லை, சூடுதான் காரணம். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் நிற்கும் என்றால் 30 டிகிரியில் 7.5 தான். எங்கள் ஊர் வெயிலில் பக்கெட் தண்ணீர் அதையும் தாண்டிப் போய்விடும். தண்ணீர் அதிகம் இருந்தால் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். அதனால் மீன் விடுவதாக இருந்தால் 80 லிட்டருக்குக் குறைந்த தொட்டி வேண்டாம். செடி மட்டும் போதும் என்றால் 30, 40 லிட்டரே போதும், ஆனால் அதற்குக் கொசுவலை எப்போதும் மேலே இருக்க வேண்டும்.

காயலான் கடையில் ட்ரம் வாங்கும்போது உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். சமையல் எண்ணெய், ஊறுகாய், பழச்சாறு என்றால் சரி. பூச்சிமருந்து, ஆசிட், சாயம் இருந்த ட்ரம்மை எத்தனை முறை கழுவினாலும் நம்பக் கூடாது. மூடியைத் திறந்து மோந்து பாருங்கள், காட்டமான வாடை வந்தால் விட்டுவிடுங்கள்.

சிமெண்ட் தொட்டியும் நல்ல தேர்வு. கனமானது, கவிழாது, வெயிலுக்குத் தாங்கும். ஆனால் புது சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்துகொண்டே இருக்கும், அந்தத் தண்ணீரில் மீன் தாங்காது. தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு, ஒரு வாரம் ஊறவிட்டுக் கொட்டுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்து நன்றாகத் தேய்த்துக் கழுவினால் தொட்டி பழகிவிடும். வண்ணமீன் வளர்ப்பவர்கள் காலங்காலமாகச் செய்வது இதுதான்.

மானாமதுரை மண் தொட்டி பார்க்க அத்தனை அழகு. மண்பானை மாதிரியே லேசாகக் கசிந்து தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். அதே காரணத்தால் தண்ணீர் சீக்கிரம் இறங்கும், தினமும் ஊற்ற வேண்டிவரும்.

பரணில் கிடக்கும் செம்பு அண்டா, பித்தளை அண்டா பக்கம் மட்டும் போகவே வேண்டாம். செம்பு கொஞ்சம் கரைந்தாலும் மீனுக்கும் நத்தைக்கும் விஷம். துத்தநாகம் பூசிய தகரத் தொட்டியும் அப்படித்தான்.

இடம்

அல்லி பூக்க நாளுக்கு ஐந்து, ஆறு மணி நேர வெயில் வேண்டும். ஆனால் அது காலை வெயிலாக இருக்கட்டும். கிழக்கு முகமாகத் திறந்திருந்து, மதியம் இரண்டு மணிக்கு மேல் வீட்டுச் சுவரின் நிழல் விழும் இடம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. மேற்கு வெயில் நேராக அடிக்கும் இடமாக இருந்தால் கோடையில் நிழல்வலை கட்டித்தான் ஆக வேண்டும்.

முருங்கை, வேம்பு, புளி இவற்றின் அடியில் வேண்டாம். சருகும் பூவும் தினமும் விழுந்து அடியில் அழுகும். முருங்கையில் கம்பளிப்பூச்சி வேறு. கூரைத் தண்ணீர் கொட்டும் குழாய்க்கு நேர் கீழேயும் வேண்டாம்.

வாசலை ஒட்டியும் வைக்காதீர்கள். குளம் இருந்தால் தவளை வரும், தவளை இருந்தால் எப்போதாவது தண்ணீர்ப்பாம்பும் எட்டிப் பார்க்கும். அது விஷமில்லாத பாம்புதான், ஆனாலும் இருட்டில் காலடியில் எந்தப் பாம்பும் வேண்டாம். வீட்டுக் கதவிலிருந்து பத்துப் பதினைந்தடி தள்ளி வையுங்கள், சுற்றிலும் கல், விறகு, ஓடு எதையும் குவிக்காதீர்கள்.

மொட்டைமாடி என்றால் முதலில் எடையைக் கணக்குப் போடுங்கள். ஒன்றேகால் அடி ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிலோ. நடமாட்டமுள்ள மாடித் தளத்துக்கு இந்தியக் கட்டுமானத் தரநிர்ணயம் எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். சின்னத் தொட்டி ஒன்று, பீம் அல்லது தாங்குசுவருக்கு மேலே, அதுவும் வீடு கட்டியவரிடம் கேட்ட பிறகு. தளத்தின் நடுவில் வேண்டவே வேண்டாம்.

குழந்தைகள்

இதை அடிக்குறிப்பாகப் போட எனக்கு மனம் வரவில்லை. தவழும், நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு இரண்டு அங்குலத் தண்ணீரே ஆபத்து. தலைகுப்புற விழுந்தால் எழத் தெரியாது, சத்தமும் வராது. அதனால் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே மேலே கம்பிவலை தயாராக இருக்க வேண்டும்.

ஹார்டுவேர் கடையில் வெல்டு மெஷ் என்று கேளுங்கள். இரண்டு அங்குலக் கட்டம், நல்ல தடிமனான கம்பியாக வாங்குங்கள். தொட்டி வாயைவிட நான்கு அங்குலம் பெரிதாக வெட்டி, அடியில் குறுக்காக இரண்டு இரும்புக் கம்பி கொடுத்து, நான்கு மூலையிலும் தரையில் முளையடித்துக் கட்டிவிடுங்கள். உங்கள் கையை ஊன்றி முழு எடையையும் போட்டுப் பாருங்கள், தொய்யக் கூடாது. அல்லி இலையும் பூவும் கட்டத்துக்குள் நுழைந்து மேலே வரும், சின்னத் தவளை போய்வரும், கொக்கும் மீன்கொத்தியும் பூனையும் மீனை எளிதில் எடுக்க முடியாது. எங்கள் மகளுக்கு இப்போது ஒன்பது வயது, இருந்தும் வலையை நான் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள்.

வெட்டுவது, புதைப்பது

ட்ரம்மைச் சுற்றி நடுவில் நூல் கட்டிக் கோடு போட்டு, இரும்பு அறுக்கும் பிளேடால் மெதுவாக அறுங்கள். வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. கீழ்ப்பாதிதான் குளத்துக்கு, மேல்பாதியில் மூடித் துளைகள் இருக்கும். அறுத்த விளிம்பு கையைக் கிழிக்கும். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, பழைய தோட்டத்து ஹோஸ் பைப்பை நீளவாக்கில் கீறி விளிம்பு முழுக்க மாட்டிவிடுங்கள்.

விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே அரை அங்குலத் துளை ஒன்று போட்டு, உள்பக்கம் கொசுவலைத் துண்டு கட்டிய சின்ன பிவிசி குழாயைச் சொருகுங்கள். அடைமழையில் குளம் வழியும்போது மீன் வெளியே போகாமல் இருப்பது இந்த வலையால்தான். வழியும் தண்ணீர் வாழைக்கோ கல்வாழைக்கோ போகும்படி திருப்பிவிடுங்கள்.

தரைக்கு மேலே அப்படியே வைக்கலாம். ஆனால் பாதி புதைத்தால் மண் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும், பெயிண்ட் பக்கெட்டில் நடந்தது நடக்காது. ட்ரம்மைவிட மூன்று அங்குலம் அகலமாக, ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். கல்லும் வேரும் பொறுக்கிவிட்டு அடியில் இரண்டு அங்குலம் மணல் கொட்டிச் சமப்படுத்தி நனைத்து மிதியுங்கள். ட்ரம்மை இறக்கினால் விளிம்பு தரைக்கு மேலே எட்டு அங்குலம் நிற்கும். வழிதுளை மண்ணுக்கு மேலேதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மட்டம் பார்ப்பதற்குக் கருவி வேண்டாம். நான்கு அங்குலம் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் மட்டத்திலிருந்து விளிம்புவரை நான்கு பக்கமும் ஸ்கேல் வைத்து அளந்தால் போதும். சாய்ந்திருந்தால் இப்போதே தூக்கி மணலைச் சரிசெய்யுங்கள், நிரம்பிய பிறகு 100 கிலோவை அசைக்க முடியாது. சரியாக வந்ததும் உள்ளே தண்ணீரும் வெளியே மண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டும் சேர்ந்தே ஏற வேண்டும். காலி ட்ரம்மைச் சுற்றி மண்ணை மட்டும் அடைத்தால் உள்நோக்கி நசுங்கும், மழை பெய்தால் குழியில் ஊறும் தண்ணீர் அதை மேலே தூக்கிவிடும்.

தண்ணீர்

மழைத் தண்ணீர் முதல் தரம். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், மூடாமல் இரண்டு நாள் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான், நல்ல உப்பு. அல்லியும் நாட்டு மீனும் ஓரளவு உப்பைத் தாங்குகின்றன. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று இதில் ஊற்றாதீர்கள். இயந்திரம் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஊற்றிய அன்றே கொசுவலையை மேலே போட்டு, பழைய சைக்கிள் ட்யூபை வளையமாக்கி இறுக்கிவிடுங்கள். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க எட்டுப் பத்து நாள் போதும். மீன் விடும்வரை இந்த வலைதான் காவல்.

மண்ணும் செடியும்

செடியை நேராகத் தொட்டி அடியில் நடாமல் தனித்தனிச் சட்டியில் நட்டு இறக்குங்கள். பிறகு எடுத்து வெட்டவும் இடம் மாற்றவும் அது வசதி.

அல்லிக்கு ஆழத்தைவிட அகலம் முக்கியம். பத்து அங்குல வாய் உள்ள பழைய பிளாஸ்டிக் பேசின் போதும், துளை வேண்டாம். மண் களியாக இருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது கண்மாய் வண்டல். அது கிடைக்காவிட்டால் மண்பானை செய்பவர்களிடம் ஒரு கூடை களிமண் வாங்கித் தோட்டத்து மண்ணோடு சரிபாதி கலந்துகொள்ளுங்கள். நர்சரியில் தொட்டிச் செடிக்குத் தரும் தென்னைநார்க் கழிவு, மண்புழு உரக் கலவை இதற்கு ஆகாது. நார் மிதக்கும், உரம் தண்ணீரில் கரைந்து ஒரே வாரத்தில் குளம் பச்சை ரசமாகிவிடும். நன்றாக மக்கிய சாணம் ஒரு கைப்பிடி மட்டும் பேசின் அடியில் வைத்து, மேலே ஐந்து அங்குலம் களிமண்ணை அழுத்தி, கிழங்கின் முளை மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டு, கூழாங்கல் பரப்புங்கள். கல் இல்லாவிட்டால் மண் கலங்கும்.

எந்த அல்லி? நர்சரியில் வண்ண வண்ணமாகக் கலப்பின அல்லி வைத்திருப்பார்கள். நான் நாட்டு அல்லியைத்தான் சொல்வேன். வெள்ளல்லி இரவில் விரிந்து மறுநாள் முற்பகலில் கூம்பும். நீல அல்லி பகலில் பூக்கும். காலையில் வேலைக்குப் போய் இருட்டி வீடு திரும்புகிறவர்கள் வெள்ளல்லி வாங்குங்கள், உங்கள் கண்ணில் படுவது அதுதான். நான் நீல அல்லி வைத்துவிட்டு முதல் பூவை ஞாயிற்றுக்கிழமைவரை பார்க்காமல் இருந்தேன்.

நட்ட பேசினை முதல் நாளே அடி ஆழத்தில் இறக்காதீர்கள். செங்கல் அடுக்கி, முளைக்கு மேலே நான்கைந்து அங்குலத் தண்ணீர் மட்டும் நிற்கும்படி வையுங்கள். இலை மேலே வந்து விரிந்ததும் ஒவ்வொரு செங்கல்லாக எடுத்துக் கீழே இறக்கலாம்.

தாமரை ஆசை எல்லோருக்கும் இருக்கும். விதையின் ஒரு முனையை உப்புத்தாளில் தேய்த்து உள்ளே வெண்மை தெரிந்ததும் தண்ணீரில் போட்டால் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும், பிள்ளைகளுக்குக் காட்ட அருமையான விஷயம். ஆனால் இந்த அளவு தொட்டியில் தாமரை மற்ற எல்லாவற்றையும் நெருக்கிவிடும். அதற்குத் தனித் தொட்டி வையுங்கள்.

தண்ணீருக்குள் மூழ்கி வளர வேலம்பாசி வேண்டும். வண்ணமீன் கடையில் கொத்துக் கொத்தாகக் கிடைக்கும். இரண்டு கொத்தைக் கல்லில் கட்டிப் போடுங்கள். பகலில் ஆக்ஸிஜன் கொடுக்கும், தண்ணீரிலுள்ள சத்தை உறிஞ்சிப் பச்சைப் பாசிக்குப் பசி காட்டும், மீன் குஞ்சுகளுக்கு ஒளிய இடமும் அதுதான்.

ஓரத்தில் செங்கல் மேல் சட்டி வைத்து, வேர் மட்டும் நனையும்படி வல்லாரை, நீர்ப்பிரம்மி, வசம்பு, கல்வாழை எதை வேண்டுமானாலும் வைக்கலாம். இரண்டு சட்டி போதும். எங்கள் வீட்டில் வல்லாரையும் கல்வாழையும். வல்லாரை தரையில் வளர்ந்ததைவிட இரண்டு மடங்கு இலை விடுகிறது, அம்மாவின் மனம் குளத்தின் பக்கம் சாயத் தொடங்கியது அந்தத் துவையலில்தான்.

ஆகாயத்தாமரையைக் கொண்டுவராதீர்கள். ஊதாப் பூவோடு மிதக்கும் அந்தச் செடி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, நம் ஏரி, கண்மாய் எத்தனையை மூடிக் கிடக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். மிதக்கும் செடி வேண்டுமென்றால் அசோலா போடுங்கள். கூடினால் அள்ளிக் கோழிக்குப் போடலாம், உரக்குழியில் கொட்டலாம். ஆனால் அதுவும் மேற்பரப்பில் பாதிக்கு மேல் போகக் கூடாது.

காத்திருக்கும் வாரங்கள்

செடி வைத்த முதல் வாரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டாம் வாரம் லேசாகக் கலங்கும். பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால் முழுக்கப் பச்சையாகியிருக்கும். பெரும்பாலானவர்கள் குளத்தைக் கெடுப்பது இந்த இடத்தில்தான். தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவார்கள், மறுபடி பச்சையாகும், மறுபடி இறைப்பார்கள்.

இறைக்காதீர்கள். அந்தப் பச்சை, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. வெயிலும் சத்தும் இருக்கிறது, பங்குக்குச் செடி இன்னும் வளரவில்லை, அதனால் அது பெருகுகிறது. அல்லி இலை விரிந்து மேற்பரப்பில் பாதியை மூடி, வேலம்பாசி தழைத்ததும் நுண்பாசிக்கு வெளிச்சமும் இல்லை, சத்தும் இல்லை. எங்கள் குளம் ஆறாவது வாரம் தானாகத் தெளிந்தது. நூல்நூலாக வரும் பாசியை மட்டும் ஒரு குச்சியில் சுற்றி எடுத்துவிடலாம்.

இதே நாட்களில் இன்னொரு வேலையும் நடக்கிறது. மீன் கழிவிலிருந்தும் அழுகும் இலையிலிருந்தும் அம்மோனியா வரும், அது மீனுக்கு விஷம். தொட்டிச் சுவரிலும் கல்லிலும் வழவழப்பாகப் படியும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்த நைட்ரேட்தான் செடிக்கு உரம். வழவழப்பை அழுக்கு என்று தேய்த்தெடுத்தால் இத்தனையையும் தேய்த்தெடுத்த மாதிரி. இதை விரைவுபடுத்த, நல்ல குளமோ மீன் தொட்டியோ வைத்திருக்கும் நண்பர் வீட்டிலிருந்து ஒரு சொம்பு தண்ணீரும் இரண்டு கூழாங்கல்லும் வாங்கிவந்து போடுங்கள். கண்மாய்த் தண்ணீர் வேண்டாம், நோயும் வேண்டாத உயிர்களும் அதோடு வந்துவிடலாம்.

மீன்

மூன்றாம் வாரம் விடலாம், எண்ணிக்கை குறைவாக. 100 லிட்டருக்கு ஆறு, எட்டு சின்ன மீன் போதும்.

நாட்டு மீன் கிடைத்தால் அதுவே நல்லது. தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்ன, தண்ணீரின் மேல்மட்டத்திலேயே திரியும் முண்டக்கண்ணி என்று ஒரு மீன் உண்டு, கேரளத்தில் மானத்துக்கண்ணி என்பார்கள். கொசுப்புழுவும் மேல்மட்டத்தில் தொங்குவதால் இதன் கண்ணிலிருந்து தப்பாது. கிடைக்காவிட்டால் கப்பி மீன். ஆனால் கப்பி குட்டி போட்டுப் பெருகிக்கொண்டே இருக்கும். கூடுதலானவற்றைத் தொட்டி வைத்திருக்கும் இன்னொருவருக்குத்தான் கொடுக்க வேண்டும், கண்மாயிலோ வாய்க்காலிலோ விடக் கூடாது. ஜிலேபி மீன் வேண்டாம், செடியைத் தோண்டிப்போடும். தங்கமீனுக்கு இந்தத் தொட்டி போதாது.

பையோடு வந்த மீனை அப்படியே கொட்டாதீர்கள். பையை இருபது நிமிடம் குளத்தில் மிதக்கவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் குளத்துத் தண்ணீரைப் பைக்குள் சேர்த்து, கடைசியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். சாயங்கால வேளையாக இருந்தால் நல்லது. மீன் வந்து இரண்டு நாள் கழித்துக் கொசுவலையை எடுத்துவிடலாம், கம்பிவலை இருக்கட்டும்.

தீனி அநேகமாகத் தேவைப்படாது. தெப்பக்குளத்தில் பொரி போட்ட பழக்கத்தில் வீட்டுப் பெரியவர்கள் பொரியும் சோறும் போட ஆசைப்படுவார்கள். அங்கே தண்ணீர் கடல்போல் இருக்கிறது. நம் 100 லிட்டரில் அது ஒரே இரவில் அழுகிவிடும். பூஜைக்கு வைத்த பூவும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு ஆசையாக இருந்தால் வாரம் இரண்டு முறை, மீன் ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீனி.

டெங்கு கொசுவைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அது முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டிவைக்கும். அந்த முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரிக்கும். குளத்தில் மீன் இருப்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் செடிச் சட்டிக்குள் தனியாகத் தேங்கும் தண்ணீர், மீன் நுழைய முடியாத செங்கல் துளை, மிக நெருக்கமாக அடர்ந்த வேலம்பாசி இவற்றை வாரம் ஒரு முறை பாருங்கள். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்தால் குளத்தைக் காட்டி, மீன் இருப்பதைச் சொல்லுங்கள். மருந்து ஊற்றத் தேவை இருக்கிறதா என்று அவர்களே டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்வார்கள்.

தானாக வருபவை

மழைக்காலத்தில் ஒருநாள் தொட்டி விளிம்பிலோ கல்வாழை இலையிலோ முட்டை வெண்கருவை அடித்து வைத்தாற்போல ஒரு நுரை ஒட்டியிருக்கும். துடைத்துவிடாதீர்கள். அது மரத்தவளையின் கூடு. தண்ணீருக்கு நேர் மேலே கட்டி அதற்குள் முட்டையிடும், சில நாளில் தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகச் சொட்டுச் சொட்டாகக் குளத்தில் விழும். எங்கள் மகள் பள்ளிக்கூடம் கிளம்பாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற காலை எனக்கு மறக்காது. அன்று அவள் தாமதமாகத்தான் போனாள்.

தட்டான் வந்து வாலால் தண்ணீரைத் தட்டிவிட்டுப் போனால் முட்டையிடுகிறது என்று அர்த்தம். அதன் குஞ்சு தண்ணீருக்குள் ஆறு காலோடு பழுப்பு நிறத்தில் ஊர்ந்து திரியும், கொசுப்புழுவை வேட்டையாடித் தின்னும். சில மீன் குஞ்சுகளையும் தின்னும், அது கிடக்கட்டும்.

வருகிறவை எல்லாம் ஏறி வெளியே போக வழி வேண்டும். ட்ரம் சுவர் வழுக்கும், உள்ளே விழுந்த அணிலும் ஓணானும் குட்டித் தவளையும் மூழ்கிச் சாகும். அடியிலிருந்து விளிம்புவரை படிப்படியாகச் செங்கல் அடுக்குங்கள், அல்லது சொரசொரப்பான கட்டை ஒன்றைச் சாய்த்து வையுங்கள். தேனீக்கள் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதும் அங்கேதான்.

அப்புறம் வருடம் முழுக்க

கோடையில் தண்ணீர் நாளுக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அதனால் வாரம் ஒரு முறை ஒரு பக்கெட் குளத்துத் தண்ணீரை எடுத்துக் கறிவேப்பிலைக்கோ தக்காளிக்கோ ஊற்றிவிட்டு, பிறகு நிரப்புங்கள். எங்கள் கறிவேப்பிலை தழைத்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரே தடவையில் கால்வாசிக்கு மேல் ஊற்ற வேண்டாம், அதிகாலையில் ஊற்றுங்கள். உச்சி வெயிலில் குழாயிலிருந்து வருவது கொதிநீர்.

விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்ஸிஜன் போதவில்லை. செடிகள் பகலில் ஆக்ஸிஜன் கொடுத்தாலும் இரவில் அவையும் அதையே எடுத்துக்கொள்ளும். உடனே ஒரு ஜக்கால் குளத்துத் தண்ணீரையே மொண்டு ஓரடி உயரத்திலிருந்து பத்து நிமிடம் ஊற்றிக்கொண்டிருங்கள். பிறகு அழுகிய இலைகளை எடுத்து, வேலம்பாசியில் மூன்றில் ஒரு பங்கைக் களையுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் பச்சை நிழல்வலையை இரண்டு முழ உயரத்தில் கட்டுங்கள். கல்யாணம் காட்சி என்று பத்து நாள் ஊருக்குப் போனால் வழிதுளைவரை நிரப்பிவிட்டுப் போகலாம், மீனுக்கு ஒன்றும் ஆகாது.

அல்லி இலை பழுத்து மஞ்சளானால் காம்பின் அடிவரை கையை விட்டுக் கிள்ளி எடுங்கள். ஒரு பூ மூன்று நான்கு நாள் விரிந்து கூம்பி, பிறகு தண்ணீருக்குள் போகும், அதையும் அப்படியே எடுத்துவிடலாம். ஒரு வருடம் கழித்து இலை சிறுத்துப் பூ குறைந்தால் பேசினை வெளியே எடுத்துப் பாருங்கள். கிழங்கு பக்கத்தில் குட்டி விட்டு நெருக்கியிருக்கும். தை மாதத்தில், வெயில் ஏறுவதற்கு முன், பிரித்துப் புது வண்டலில் நடுங்கள். சென்ற தையில் எங்களுக்கு நான்கு குட்டி கிடைத்தது. இரண்டைப் பக்கத்து வீட்டு அக்கா வாங்கிப் போனார். ஒன்று மகளின் பள்ளித் தோட்டத்துக்குப் போனது. இன்னொன்றை, ட்ரம்மின் மேல்பாதித் துளைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்துக் கொடுக்கச் சொல்லி, கொல்லைப்புறத்தில் அம்மா தனக்கென்று வைத்துக்கொண்டார்.